பணம் அனுப்ப வேண்டாம், அப்பா

டாலஸ், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

வசூல்காரர்கள் போன் செய்வதைக் கேள்விப்பட்டதிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்று அம்மா சொன்னாள். பணம் அனுப்பட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அப்பா. இது நாங்கள் பட்ட கடனே இல்லை.

போன வருடம் இவருக்கு நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்கு ஓடினோமே, அந்தச் செலவுதான். இங்கே ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், டாக்டருக்கு ஒரு பில் என்று தனித்தனியாக வரும். எங்கள் பங்கை அப்போதே கட்டிவிட்டோம். ஆனால் அன்று பார்த்த டாக்டர் எங்கள் இன்சூரன்ஸ் பட்டியலில் இல்லாதவராம். இன்னும் 1,840 டாலர் வேண்டுமாம். எமர்ஜென்சியில் அப்படிக் கேட்கக்கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதையும் மீறிக் கணக்கை வசூல் கம்பெனியிடம் தள்ளிவிட்டார்கள்.

ஊரில் போல வாசலில் வந்து கத்துவார்களோ என்று பயப்படாதீர்கள். 1977-லேயே இதற்கென்று சட்டம் போட்டிருக்கிறார்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பிறகோ கூப்பிடக்கூடாது. அக்கம்பக்கத்தில் நம் கடனைப் பற்றிப் பேசக்கூடாது. நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் 'இதை ஏற்கவில்லை, ஆதாரம் காட்டு' என்று எழுதி அனுப்பினால், ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் பங்கு எவ்வளவு என்று இன்சூரன்ஸ் அனுப்பிய தாளின் நகலோடு, நம்மூரில் முன்பு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிய பதிவுத் தபால் மாதிரி அனுப்பினேன். அந்த அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு போன் இல்லை.

முதலில் பேசியவன், "இப்போதைக்கு 50 டாலராவது கட்டுங்கள்" என்று எவ்வளவு இனிமையாகக் கேட்டான் தெரியுமா? கொஞ்சம் கட்டினாலும் கடனை ஒப்புக்கொண்டதாகச் சொல்ல இடம் கொடுத்துவிடும். வழக்குப் போடும் கெடு தாண்டிக் காலாவதியான கடனுக்குக்கூட அதனால் பல மாநிலங்களில் மறுபடி உயிர் வந்துவிடும். பக்கத்து வீட்டு மெக்சிகோ பாட்டி, எதற்கென்றே தெரியாத ஒரு பில்லுக்கு மாதாமாதம் பணம் கட்டி வருகிறார். ஆங்கிலம் தெரியாத பயம்தான். எனக்கு வயிறு எரிகிறது அப்பா. அவருக்கும் ஒரு கடிதம் எழுதித் தரப் போகிறேன்.

சித்தி மகன் ஆகஸ்டில் இங்கே படிக்க வருகிறானாமே. எந்தப் பில்லையும், இன்சூரன்ஸ் தாளையும் தூக்கிப் போடக்கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்