அம்பாறையின் சராசரிக் கணக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நம்ம கிழக்கிலங்கை அம்பாறை மாவட்டத்தப் பத்தி எழுதுற நேரமெல்லாம் ஒரு சதுர கிலோமீற்றருக்கு கிட்டத்தட்ட 150 பேர்தான்னு போடுறீங்க, 2012 கணக்கெடுப்புக்கு அது சரிதான், ஆனா மேற்கால காடும் குளமும் வயலும் எவ்வளவு இடத்தப் பிடிச்சிருக்கு, சனம் ரொம்ப நெருக்கிக்கிட்டு இருக்கிறது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்னு கடலோரமா நீளுற ஒடுங்கின பட்டியிலதானே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், பிள்ளைக்கு வீடு கட்ட ஒரு துண்டு வளவு கிடைக்கிறதே பெரும்பாடு. 2004 சுனாமியில நாட்டுலயே கூடுதலா உயிர் போனது இந்த மாவட்டத்துலதான், அதுக்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

இன விகிதமும் அப்படித்தான். 2012 கணக்கெடுப்புல முஸ்லிம்கள் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17 வீதமளவுல. ஆனா கல் ஓயா ஆத்துல அணை கட்டி அரசாங்கம் சனத்தக் குடியேத்தின உள்பக்கம் பெரும்பாலும் சிங்களவர், கரையில முஸ்லிம் ஊரும் காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் மாதிரி தமிழ் ஊரும் மாறி மாறி வருது. மாவட்டத்துக்கு ஒரே நம்பர் போட்டா இதெல்லாம் எங்க தெரியும்? இனிமே தயவுசெஞ்சு மாவட்டத்துக்குள்ள இருக்கிற சின்ன நிர்வாகப் பிரிவான பிரதேச செயலகப் பிரிவு வாரியா போடுங்க, காணிப் பிரச்சினைய எழுதுறப்பவாவது.

இப்படிக்கு,
கல்முனை வாசகர்