ஏப்ரல் 18-க்கு எத்தனை வரி?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. கண்ணில் புரை எடுத்ததால் கொஞ்ச நாள் எதையும் படிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பேரன்தான் வாசித்துக் காட்டினான். உன் கையெழுத்தோடு அவன் மல்லுக்கட்டியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது பார்வை நன்றாகவே இருக்கிறது. உன் மூட்டுவலி எப்படி? நடப்பதை மட்டும் விட்டுவிடாதே.

"வேலை மெனக்கெட்டு நாள்காட்டிக்குக் குறிப்பு எழுதுகிறாயாமே" என்று கிண்டல் செய்திருந்தாய். சரி, என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சிரி. கலைக்களஞ்சியத்தில் பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 நாளுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள் என்று பிரித்திருப்பார்கள். அதில் ஏப்ரல் 18 என் தலையில் விழுந்தது. நான் கையில் எடுத்தபோது நிகழ்வுகளே நூறைத் தாண்டியிருந்தன. ஆளாளுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பதுக்குள் அடக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் ஏற்பாடு.

முதல் நாள் கை வேகமாகத்தான் ஓடியது. யாரோ கோப்பை வென்றது, எங்கோ பாலம் திறந்தது, ஏதோ ஒரு நிறுவனம் தொடங்கியது எல்லாம் போயின. 'புகழ்பெற்ற' என்று தொடங்கும் வரிகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். ஐன்ஸ்டைன் இதே தேதியில் 1955-இல் இறந்த வரியில் அந்தச் சொல்லே இல்லை. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம், ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாடு, 1980 ஜிம்பாப்வே விடுதலை: இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. இரண்டாம் நாள்தான் கை நின்றது.

குழுவில் ஒருவர், நூறு பேருக்கு மேல் இறந்த விபத்து எதுவானாலும் சேர்க்கலாம் என்று விதி போடச் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்படிச் செய்தால் பாதிப் பக்கம் கப்பலும் ரயிலும் சுரங்கமும்தான் இருக்கும். அதுவும் போக, அந்த எண்ணை எப்படி நம்புவது? 1906 நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் சில நூறு பேர் என்றுதான் முதலில் கணக்குக் காட்டினார்கள். மூவாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. அங்கிருந்த சீனர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அன்று யாரும் சரியாக எண்ணவில்லை.

என் அளவுகோல் வேறு. அந்த நாளுக்குப் பிறகு எது மாறியது என்று பார்க்கிறேன். 1942 ஏப்ரல் 18 அன்று டூலிட்டில் தலைமையில் 16 அமெரிக்க விமானங்கள் டோக்கியோ உட்பட ஜப்பானிய நகரங்கள் மேல் குண்டு போட்டன. சேதம் பெரிதில்லை. ஆனால் பசிபிக் கடலில் அமெரிக்கத் தளமாக இருந்த மிட்வே தீவு மீது படையெடுக்கும் திட்டத்துக்கு ஜப்பானியத் தலைமையில் இருந்த தயக்கம் அதோடு அடங்கிப்போனது. அந்தத் திட்டத்தைப் போட்ட ஜப்பானியக் கடற்படைத் தளபதி யாமமோட்டோ சரியாக ஓராண்டு கழித்து, 1943-இல் இதே தேதியில், சுட்டு வீழ்த்தப்பட்டார். முதலாவதை நிகழ்வுகளில் வைத்தேன். அவரை இறப்புகளுக்கு அனுப்பினேன். ஒரு வரி மிச்சம்.

1951-தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. அந்த ஏப்ரல் 18 அன்று பாரிஸில் ஆறு நாடுகள் ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அது. அதே நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளி கிராமத்தில் காந்தியவாதி வினோபா பாவே, நிலமில்லாத தலித் குடும்பங்கள் கேட்ட 80 ஏக்கருக்கு என்ன வழி என்று கூட்டத்தைக் கேட்க, அவ்வூர் நிலக்கிழார் ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கும் பூதான இயக்கம் அங்கே தொடங்கியது. பட்டியலில் பாரிஸ் இருந்தது, போச்சம்பள்ளி இல்லை. நான் சேர்த்ததும், "ஒருவர் 100 ஏக்கர் கொடுத்ததெல்லாம் உலக வரலாறா?" என்று கேட்டார்கள். பாரிஸில் நடந்ததும் அன்றைக்கு வெறும் ஆறு கையெழுத்துதானே, நடைமுறைக்கு வந்தது 1952 ஜூலை 23 அன்றுதானே என்றேன். அதற்குப் பதில் இல்லை. ஆனால் என் பக்கத்திலும் ஓட்டை உண்டு, உன்னிடம் மறைப்பானேன். பூதானத்தில் எழுதிக் கொடுத்த பல லட்சம் ஏக்கரில் பெரும்பங்கு நிலமில்லாதவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. என் அளவுகோலை ஒழுங்காகப் பிடித்தால் அந்த வரி ஆட்டம் காணும். இருந்தும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பிடிவாதம்தான்.

தேதியும் சும்மா இருக்கவில்லை. ஐன்ஸ்டைன் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். கடிகாரக் கணக்கில் ஏப்ரல் 18. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பாரதிக்கும் அப்படித்தான், 1921-இல் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி வாக்கில். கடிகாரப்படி அது செப்டம்பர் 12. ஆனால் விடிந்தால்தானே மறுநாள் என்று எண்ணிய தலைமுறை அதைச் செப்டம்பர் 11 என்றே வைத்துக்கொண்டது. இரண்டு தேதிக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஐன்ஸ்டைனுக்குப் போட்டால் அவர் என் பக்கத்தை விட்டே போய்விடுவார்! கிறித்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் கூடிய சபையில் தன் எழுத்தைத் திரும்பப் பெற மறுத்ததும் ஏப்ரல் 18-தான், ஆனால் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி. இன்றைய கிரெகோரியன் நாள்காட்டி வந்த 1582-க்கு முந்தையதைப் பழைய தேதியிலேயே விடுவது வழக்கம் என்பதால் அதைத் தொடவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வந்த விஷயம். 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. இரவு 8.45 செய்தியறிக்கைக்கு பிபிசி வானொலி அறிவிப்பாளர் வந்து, இன்று செய்தி எதுவும் இல்லை என்றார். மீதி நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள். வேடிக்கையான வரி என்று யாரோ பட்டியலில் சேர்த்திருந்தார்கள், நானும் சிரித்துவிட்டு அடிக்கப் போனேன். அதற்கு நேர் கீழே இருந்த வரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே நாள் இரவு பத்து மணி வாக்கில் இன்றைய வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங்கில் புரட்சியாளர் சூர்யா சென்னும் தோழர்களும் பிரிட்டிஷ் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினார்கள். தந்தி, தொலைபேசிக் கம்பிகளைத் துண்டித்தார்கள். நேர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லண்டனில் பியானோ வாசித்தபோது சிட்டகாங்கில் எல்லாம் நடந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. கம்பியை அறுத்தவர்களுக்கு அந்த வெற்று அறிக்கை பற்றித் தெரிந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

என் அளவுகோலுக்குப் பிபிசி வரி தேறாது. அதனால் எதுவும் மாறவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் சிட்டகாங் வரி கொஞ்சம் மங்கிப்போகிறது போல எனக்குப் படுகிறது. குழுவில் இன்னும் வாய் திறக்கவில்லை. சொன்னால், இது கலைக்களஞ்சியமா, கதைப் புத்தகமா என்பார்கள்.

இன்னொன்று. பழைய வரியில் 'ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினர்' என்று இருக்கிறது. துப்பாக்கிகள் கிடைத்தன, ஆனால் அவற்றுக்கான தோட்டா கிடைக்கவில்லை. விடிவதற்குள் ஊரைவிட்டு மலைப்பக்கம் போய்விட்டார்கள். 'கைப்பற்றினர்' என்றால் மிகை, 'தாக்கினர்' என்றால் குறை. 'கைப்பற்ற முயன்றனர்' என்றும் எழுத மனம் வரவில்லை. உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்தவர்களாயிற்றே. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நீ. ஒரு வினைச்சொல் சொல்லு. பிபிசி வரி இருக்கட்டுமா, போகட்டுமா என்பதையும் சேர்த்து எழுது. மாதக் கடைசிக்குள் பக்கத்தை ஒப்படைக்க வேண்டும்.

கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. இந்தத் தடவை நானே படிக்கப்போகிறேன்.

அன்புடன்,
ராகவன்