ஓடும்போது ஒழுகும் மூக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்டப்பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரையில் காலணி, தண்ணீர், முழங்கால் எல்லாம் வந்தன. மூக்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஐம்பதைத் தாண்டி ஓடத் தொடங்கிய எனக்கு அதுதான் பெரிய தொல்லை. ஓட ஆரம்பித்ததும் தண்ணீராகக் கொட்டும். நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஜலதோஷம் என்று நினைத்து எதிரே வருபவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஜலதோஷமே இல்லை. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது மூக்கின் வேலை. மூச்சு வாங்கும்போது, அதுவும் குளிர்ந்த வறண்ட காற்றில், அந்த வேலை கூடுகிறது, நீரும் கூடுகிறது. தூசி, மகரந்தம், நீச்சல் குளத்துக் குளோரின் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சிலர் இதற்கு ஸைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைத் தினமும் விட்டுக்கொள்கிறார்கள். அது அடைப்புக்கான மருந்து. சில நாட்களுக்கு மேல் போனால், அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஒழுகுவதற்கென்றே இப்ராட்ரோபியம் ஸ்பிரே உண்டு. மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். எனக்கு மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டையே போதும். சிந்தும்போது ஒரு துளையை மூடி, மறு துளை வழியாக மெதுவாகச் சிந்துகிறேன். (தயவுசெய்து ஓடுபாதையில் சிந்தாதீர்கள், பின்னால் நான் வருகிறேன்.)

ஒன்று மட்டும் வேறு விஷயம். தலையில் அடிபட்ட பிறகு ஒரே பக்கமாகத் தெளிந்த நீர் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள திரவமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த கட்டுரையில் இதையும் ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
காலையில் ஓடும் ஒரு வாசகி