நாசர் அலியின் மனைவியையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'சிக்கன் வித் பிளம்ஸ்' திரைப்படத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2011ஆம் ஆண்டில் வந்த ஒரு பிரெஞ்சு மொழிப் படத்தை இன்றைய வாசகர்களுக்கு நினைவூட்டியதற்காக நன்றி. ஆனால், காதலை இழந்த இசைக்கலைஞனின் துயரத்தை மனம் உருகி விவரிக்கும் கட்டுரையாளர், அவனுடைய வயலினை உடைத்த மனைவியைக் கலையின் அருமை அறியாதவள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மர்ஜானே சத்ரபியும் வின்சென்ட் பரோனோவும் எடுத்த படம் அவளிடம் அவ்வளவு கஞ்சத்தனமாக நடந்துகொள்ளவில்லை.

கதை 1958ஆம் ஆண்டின் தெஹ்ரானில் நடக்கிறது. சண்டையில் மனைவி உடைத்துவிட்ட வயலினுக்கு ஈடாக எந்த வயலினும் அமையாததால், நாசர் அலி சாவதென்று முடிவு செய்கிறான். ரயிலா, மலை உச்சியா, துப்பாக்கியா என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்த்து, எதுவும் தன் தகுதிக்குப் பொருந்தாததுபோல் தள்ளிவிட்டு, கட்டிலில் படுத்து மரணத்துக்காகக் காத்திருக்கிறான். எட்டாம் நாள் அவன் இறந்துவிடுவான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கதைசொல்லியும் வேறு யாருமல்ல, உயிரைக் கொண்டுபோக வரும் அஸ்ராயேலேதான். தீட்டிய திரைச்சீலைகள் போன்ற பின்னணிகள், இடையிடையே கார்ட்டூன், மகனின் பிற்காலத்தைக் காட்டும்போது திடீரென்று அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் பாணி என்று படம் விளையாடிக்கொண்டே போகிறது. கட்டுரையாளர் இவற்றை அழகுக்குச் சேர்த்த அலங்காரமாகக் காண்கிறார். தன் துக்கத்தைத் தானே காவியமாக்கிக்கொண்டு அதில் திளைக்கும் ஒருவனை, அவன்மீதுள்ள அன்பு குறையாமலேயே, இயக்குநர்கள் கேலி செய்யும் வழி அது என்பதே என் எண்ணம்.

இப்போது மனைவி ஃபரங்கிஸிடம் வருகிறேன். இளமையிலிருந்தே அவனை விரும்பியவள் அவள். அவனோ தாயின் வற்புறுத்தலுக்காகவே அவளை மணந்தவன். அவள் ஆசிரியை வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து, வீட்டையும் நடத்துகிறாள். அந்த வீட்டில் ஒலிக்கும் இசை வேறொரு பெண்ணை நினைத்து வாசிக்கப்படுகிறது என்பதைப் பார்வையாளர்களாகிய நாமே படத்தின் பிற்பகுதியில்தான் முழுமையாக அறிகிறோம் என்றால், அத்தனை ஆண்டுகள் அதைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவளின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? வயலினை உடைத்த பிறகு, கணவனுக்கு மிகவும் பிடித்த கோழிக் குழம்பைப் பிளம்ஸ் சேர்த்துச் சமைத்து, தன்னையும் அலங்கரித்துக்கொண்டு, அவள் அவனுடைய கட்டிலருகே வந்து நிற்கும் காட்சியில் மரியா டி மெதெய்ரோஸின் நடிப்பு அபாரமானது. மன்னிப்பும் காதலும் ஒருசேரக் கேட்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தும் அவன் மனம் இளகுவதில்லை. படத்துக்குப் பெயர் தந்த உணவு அவளுடைய கையால் சமைக்கப்பட்டது என்பதையாவது கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

அந்த வேறொரு பெண்ணான இரானேயின் மீது நாசர் அலி கொண்ட காதல் பொய் என்று நான் சொல்லவில்லை. இசைக்கலைஞனால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது என்று கடிகாரக் கடை வைத்திருக்கும் அவளுடைய தந்தை பெண் கொடுக்க மறுக்கிறார். கைத்திறன் இருந்தும் உயிரில்லாமல் இருந்த அவனுடைய வாசிப்பு, அந்த இழப்புக்குப் பிறகே உயிர் பெறுகிறது. குரு தன் வயலினையே அவனுக்குக் கொடுத்துவிடுகிறார். நாசர் அலியாக மாத்யூ அமல்ரிக்கும் இரானேயாக கோல்ஷிஃப்தே ஃபராஹானியும் வரும் அந்தப் பகுதிகளில் கண் கலங்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆயினும், அவனை மேதையாக்கிய அதே துயரம்தான் ஃபரங்கிஸின் வாழ்க்கையையும் தின்றது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டார்.

காதலிக்கு நாட்டின் பெயரை வைத்திருப்பதையும், 1953 ஆகஸ்டில் ஈரான் பிரதமர் மொசாதெக்கின் அரசு கவிழ்க்கப்பட்டதையும் இணைத்து, கைநழுவிய காதலைக் கைநழுவிய ஜனநாயகமாகக் கட்டுரை வாசிப்பது பொருத்தமானதே. அந்த வாசிப்பிலும் மனைவிக்கு இடமில்லாமல் போனதுதான் வருத்தம். கனவு பறிபோன பின்பும் காலையில் எழுந்து வேலைக்குப் போன மக்களும் அந்த நாட்டில் இருந்தார்கள் அல்லவா?

கடைசியாக ஒரு திருத்தம். சத்ரபியின் மூலச் சித்திரக்கதையிலும் நாயகன் வயலின் கலைஞன் என்று கட்டுரையில் உள்ளது. 2004இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழாவில் சிறந்த நூலுக்கான பரிசைப் பெற்ற அந்தச் சித்திரக்கதையில் அவன் வாசிப்பது தார் என்னும் பாரசீக நரம்புக் கருவி. படத்துக்காகத்தான் அது வயலினாக மாற்றப்பட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்