நெய்யைச் சந்தேகிக்கும் முன் மாடு தின்றதைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலப்பட நெய்யைக் கண்டுபிடிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். கட்டியாக உறைந்து, உள்ளங்கையில் வைத்தும் சட்டென உருகாத நெய்யில் வனஸ்பதியோ விலங்குக் கொழுப்போ கலந்திருக்கும் என்று அதில் இருந்தது. வெண்ணெய் கடைந்து பிழைக்கும் எங்கள்மேல் விழுகிற அநியாயமான பழி இது. அதைக் காட்டித்தான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் என் நெய்யைத் திருப்பி அனுப்பினார்.

சித்திரையில் எங்கள் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும். உதிர்ந்த வெள்வேலாங்காயை மாடுகள் பொறுக்கித் தின்னும். மற்றபடி சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும்தான். கொட்டையை இரவே ஊறவைத்து, விடியலில் ஆட்டித் தண்ணீரில் கலந்து வைப்போம். அப்போது எடுக்கும் வெண்ணெய் வெளுத்திருக்கும், அந்த வெக்கையிலும் உருண்டை குலையாது. நெய் பெருமணலாக உறையும். ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப்புல் தழைத்துவிட்டால், அதே பசுவின் வெண்ணெய் மஞ்சள் பூத்து, விரல் பட்டாலே இளகும்.

மாடு தின்னும் எண்ணெய் அப்படியே பாலுக்கு வருவதில்லை. முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை ஸ்டியரிக் போன்ற இறுகிய கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. மடியும் உடலின் கொழுப்புத் திசுவும் ஸ்டியரிக்கில் ஒரு பங்கை இளகிய ஒலியிக் அமிலமாக்கும். பருத்திக்கொட்டையில் உள்ள ஸ்டெர்குலிக், மால்வாலிக் அமிலங்கள், அந்த வேலையைச் செய்யும் நொதியையே தடுக்கின்றன. அதனால்தான் நெய் இறுகுகிறது. மாட்டின் உடம்பில் படியும் கொழுப்பும் அப்படியே கடினமாகிறது. பசும்புல் மேய்ந்தாலோ கரோட்டினின் மஞ்சளும், லினோலெனிக் என்னும் இளகிய அமிலமும் கூடுதலாகக் கொழுப்பில் சேர்கின்றன.

ஆய்வகங்களுக்கு இது புதிதல்ல. நெய்யின் தூய்மையை அறிய அளக்கும் ரீச்சர்ட்-மெய்சல் எண், பருத்தி விளையும் பகுதிகளின் நெய்யில் குறையும் என்பதால், அவற்றுக்குத் தரவிதிகளில் தனி அளவே வைத்திருந்தார்கள். 2024-இல் திருப்பதி லட்டு நெய் விவகாரத்தில் வெளியான ஆய்வக அறிக்கையிலும், பருத்தி, பனை எண்ணெய் போன்றவை மிகுந்த தீவனம் தின்ற பசுவின் பாலில் கலப்படம் என்று தவறான முடிவு வரக்கூடும் என்ற குறிப்பு இருந்தது. அந்த வழக்கில் யார் பக்கம் உண்மை என்று பேச நான் வரவில்லை. சோதனை முறையே ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கைச் செய்தியிலும் சொல்ல வேண்டும் என்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதிரி எடுக்கும்போது மாதத்தையும் தீவனத்தையும் படிவத்தில் குறிக்கட்டும். சந்தேகம் வந்தால் எங்கள் பட்டிக்கே வந்து, கண்ணெதிரே பால் கறந்து, அதையும் சேர்த்துச் சோதிக்கட்டும். கலப்படக்காரர்கள் பிடிபட வேண்டும் என்று எங்களைவிட ஆசைப்படுகிறவர்கள் யார்? அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தத்தைத் தாங்கள் வெளியிட்டால், அதைக் கடைக்காரரிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.