பிளஸ் டூ உயிரியல் பாடநூல் குழுவினருக்கு, ஒரு மீன் குஞ்சின் தாடை பற்றி

வணக்கம்.

மரபியல் பாடத்தில் ஜீப்ரா மீனுக்கு அரைப் பக்கம் கேட்டு எழுதுகிறேன். அதில் எடுத்துக்காட்டாக வரும் பட்டாணியும் பழ ஈயும் அப்படியே இருக்கட்டும், எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மரபியலை நடத்தி முடித்ததும் பிள்ளைகள் மனதில் நிற்பது மளிகைச் சீட்டு மாதிரி ஒன்றுதான்: இந்த மரபணு மூக்குக்கு, அது தாடைக்கு. போன வாரம் ஒரு மாணவி கேட்டாள், "தாடை மரபணு கெட்டுப்போனா தாடையே இருக்காதா சார்?"

பதில் ஜீப்ரா மீனில் இருக்கிறது. கொளத்தூர் மீன் கடைகளில் விற்கிற அதே கோடு போட்ட குட்டி மீன்தான். ஐந்து நாள் குஞ்சை ஆல்சியன் நீலச் சாயத்தில் ஊறவைத்தால் குருத்தெலும்பு நீலமாகத் தெரியும். கீழ்த்தாடையில் செல்கள், காசுகளை அடுக்கிய மாதிரி, ஒற்றை வரிசையில் நிற்கும். இந்தச் செல்கள் அங்கேயே பிறந்தவை அல்ல. கருவின் முதுகுப்பக்கத்தில் நரம்பு முகடு என்கிற இடத்திலிருந்து கிளம்பி, கீழே இறங்கி, பின்னால் தாடையாக மாறும் தொண்டை வளைவுகளுக்குள் குடியேறியவை.

1996-ல் ஜெர்மனியின் டூபிங்கன், அமெரிக்காவின் பாஸ்டன் ஆய்வகங்கள் வெளியிட்ட பிறழ்வு மீன்களில் (ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போன மீன்கள்) ஒன்றின் பெயர் 'சக்கர்'. அதில் கெட்டிருப்பது, செல்களுக்கிடையே தகவல் சொல்லும் ஒரு புரதத்துக்கான எண்டோதீலின்-1 மரபணு என்று 2000-ல் தெரிந்தது. செல்கள் ஒழுங்காக வந்து சேர்கின்றன, குருத்தெலும்பும் உருவாகிறது, ஆனால் கீழ்த்தாடை குட்டையாகி மேல்தாடையோடு ஒட்டிக்கொள்கிறது, நடுவில் மூட்டே இல்லை. ஏனென்றால் 'நீ இருப்பது கீழ்ப்பக்கம்' என்று அக்கம்பக்கத்துத் திசுக்கள் அனுப்ப வேண்டிய தகவல் வரவில்லை. எலிக் கருவில் அதே தகவலை மேல்பக்கத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மேல்தாடை இருக்க வேண்டிய இடத்தில் கீழ்த்தாடை போல ஒன்று வளர்ந்தது! தாடையைச் செய்யும் மரபணு இல்லை இது, முகவரி சொல்லும் மரபணு.

மனிதரிலும் இதே மரபணு பழுதானால் சிறுத்த தாடையும், கேள்விக்குறி வடிவக் காதும் வருவதுண்டு. மீனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அதிகம் கேட்கவில்லை. அரைப் பக்கம், நீலச் சாயமிட்ட இரண்டு படங்கள் (இயல்பான குஞ்சு ஒன்று, சக்கர் ஒன்று) போதும். கலரில் அச்சடியுங்கள், கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே கரியாகத்தான் தெரியும். அந்த மாணவிக்கு நான் பலகையில் வரைந்து காட்டியது சரியாக வரவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் அதைப் படகு என்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு உயிரியல் ஆசிரியர்