அம்மாவுக்கு, அபுதாபியிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். நீ, அப்பா, அப்பத்தா, தங்கச்சி எல்லாரும் நலமா? தங்கச்சி கையெழுத்தில் நீ போட்ட கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான். போனில் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் முதலாளி வீட்டுப் பெரியவரும் அவர் தம்பியும் லிவா பாலைவனத்தில் கூடாரம் போட்டார்கள். வண்டி ஓட்டியது நான். பின் சீட்டில் இரண்டு ராஜாளிகள். அம்மா, இந்தப் பறவைகளுக்குப் பாஸ்போர்ட்கூட உண்டு! அபுதாபியில் 1999இலிருந்து இவற்றுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி நடக்கிறது. இறகு ஒடிந்தால், உதிர்ந்த இறகு ஒன்றை அளவு பார்த்து ஒட்டுப்போடுகிறார்கள். நம் வீட்டில் பருந்து நிழல் விழுந்தாலே அப்பத்தா குஞ்சுகளைக் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டுக் கம்பைத் தேடும்.

ராஜாளிக்குக் கண்ணை மறைத்துத் தோல் குல்லா போட்டிருப்பார்கள், 'புர்கா' என்று பெயர். அது இருக்கும்வரை பறவை அசையாது. பெரியவர் குல்லாவின் வாரை ஒரு பக்கம் பல்லால் கடித்து, மறுபக்கம் விரலால் இழுத்துத் தளர்த்தினார். கண் திறந்ததும் தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளந்தது. தூரத்தில் தம்பி, இரை மாதிரி தெரிய இறகுகளைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினார். மணலை உரசுகிற மாதிரி தாழப் பறந்து போய் அடித்தது. அப்புறம் என் கையிலும் தடித்த உறையை மாட்டி உட்கார வைத்தார்கள். ஒரு கிலோதான் இருக்கும். ஆனால் நகம் பிடித்த பிடி உறையைத் தாண்டித் தெரிந்தது.

ராத்திரி எலும்பு வரை குளிர். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். டிரைவர் என்று என்னை ஒதுக்கவில்லை, ஒரே தாம்பாளம்தான். நல்ல கறித்துண்டாகப் பிய்த்துப் பெரியவரே என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். ஏலக்காய் காப்பி, பாலும் சர்க்கரையும் இல்லாமல், பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் அளவு ஊற்றுவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். அதுவரை ஊற்றுகிறவர் நின்றுகொண்டே இருப்பார். விருந்தாளியிடம் மூன்று நாள் வரை எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது என்பது அவர்கள் பழைய வழக்கமாம்.

மறுநாள் அந்தியில் ஒரு ராஜாளி தூரத்து மணல்மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பி கூப்பிட்டார், வரவில்லை. பெரியவர் எழுந்து நின்று நீட்டிக் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று என் பேரை நீ நீட்டிக் கூப்பிடுவாயே, அது காதில் கேட்டுவிட்டது அம்மா. கொஞ்ச நேரம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

சரி, மாமா சொன்ன மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள்? பத்துப் பவுனுக்கு மேல் கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மகனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். இந்த மாதம் பணம் வரப் பத்து நாள் தள்ளிப்போகும். இங்கே சின்னச் செலவு, வேறொன்றுமில்லை. வட்டிக்காரரிடம் அப்பா போய் நிற்க வேண்டாம், நானே போனில் பேசிக்கொள்கிறேன். கீழவயல் அறுப்புக்கு ஆள் கிடைத்ததா? அறுப்பு முடிந்ததும் அப்பத்தாவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டதா என்று தங்கச்சியை எழுதச் சொல்.

அன்பு மகன்